பவானிப் படுகையில் இன்னும் எத்தனை அணை தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, சத்தி, ஈரோடு பக்கம் காலையில் பேப்பர் பிரித்தால் பலருடைய கண் முதலில் போவது பவானிசாகர் நீர்மட்டத்துக்குத்தான். அடி எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு. அந்த மூன்று எண்களை வைத்தே டீக்கடையில் ஒரு வருஷத்து விவசாயம் முடிவாகிவிடும். ஒரு ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நீர்த்தேக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதை எப்படிக் கணிக்கிறார்கள் என்று அடிக்கடி கேட்கிறார்கள். பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால், எனக்குப் பழக்கமான பவானியை வைத்தே பதில் சொல்கிறேன்.

நீர்த்தேக்கம் நீடிக்குமா என்று மதிப்பிடுவது என்றால் என்ன? அணை உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதா?

அது அணைப் பாதுகாப்பு. அதற்கு 2021இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. இங்கே கேள்வி வேறு. கட்டுமானம் நூறு வருஷம் நிற்கலாம். ஆனால் அதற்குள் தண்ணீர் நிற்க இடம் இருக்குமா, வந்து சேர ஆற்றில் தண்ணீர் இருக்குமா, அந்தத் தண்ணீரால் ஒருவருக்குக் கிடைத்த நன்மை இன்னொருவர் வாயிலிருந்து பிடுங்கியதா, கீழே ஆறு ஆறாக இருக்கிறதா? இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் மதிப்பீடு.

ஒரு அணையை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் போதாதா?

போதாது. பவானியை மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியில் முக்காலி அருகே கிழக்கே திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் இது ஒன்று. மலையில் மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, குந்தா என்று மின்சாரத்துக்கான தேக்கங்கள். அட்டப்பாடிப் பக்கம் கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி. மலை இறங்கும் இடத்தில் பில்லூர். வடக்கே பைக்காராவின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மாயாறு வந்து பவானிசாகரில் கலக்கிறது. அதற்குக் கீழே கொடிவேரி அணைக்கட்டு. கடைசியில், காவிரியில் சேரும் முன்பு, 1283இல் கட்டி முடித்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் அணைக்கட்டு.

இதில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்து அறிக்கை எழுதினால் அது சுத்தமாக வரும். மேலே இருப்பவர் மதகை மூடினால் கீழே இருப்பவரின் வரத்து மாறுகிறது என்பது அந்த அறிக்கையில் இருக்காது. திட்டத்துக்குத் திட்டம் தனி அனுமதி, தனி ஆய்வு என்று போவதுதான் நம் ஊர் வழக்கம். ஆற்றுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

தண்ணீர்க் கணக்கை எங்கே தொடங்குவது?

சராசரியிலிருந்து தொடங்கக் கூடாது. நல்ல மழை வருஷமும் பஞ்ச வருஷமும் சேர்ந்து ஒரு சராசரி வரும். அந்தச் சராசரித் தண்ணீர் ஆற்றில் வந்த வருஷத்தை விரல் விட்டு எண்ணலாம். அதனால் நாலு வருஷத்தில் மூன்று வருஷமாவது கிடைக்கும் அளவு எது என்று பார்க்கிறார்கள். பாசனத் திட்டங்களுக்கு இந்த 75 சதவீத நம்பகம்தான் வழக்கமான அளவுகோல். மின்சாரத்துக்கு 90. குடிநீருக்கு அதற்கும் மேல். ஒரே ஆற்றில் அளவுகோலை மாற்றினால் தண்ணீரின் அளவே மாறிவிடும்: காவிரி நடுவர் மன்றம் 50 சதவீத நம்பகத்தை எடுத்துக்கொண்டுதான் மொத்தம் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி) என்று பங்கு போட்டது.

அடுத்தது தேவை. பேனாவும் தாளும் இருந்தால் நீங்களே போடலாம். பவானிசாகர் அணையிலிருந்து பிரியும் கீழ்பவானி வாய்க்காலில் முதல் போகத்துக்கு விநாடிக்கு 2,300 கன அடி, 120 நாள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 23.8 டி.எம்.சி. இரண்டாம் போகத்துக்கு, அதாவது எள், கடலை போடும் புஞ்சைப் போகத்துக்கு, விட்டு விட்டு நனைக்க 12 டி.எம்.சி. வரை. இரண்டும் சேர்ந்து 35.8. அணையின் முழுக் கொள்ளளவே 32.8 டி.எம்.சி.தான். இதில் கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் 24,504 ஏக்கரையும், காலிங்கராயனின் 15,743 ஏக்கரையும் இன்னும் சேர்க்கவில்லை. அவை பழைய ஆயக்கட்டு, அதாவது பவானிசாகருக்கு முன்பிருந்தே பாசனம் பெறும் நிலங்கள். உரிமையில் முதலில் நிற்பவை. குடிநீரையும் சேர்க்கவில்லை.

ஆக, இந்த அணை ஒரு தடவை நிரம்பினால் போதாது. நிரம்பியபடியே இருக்க, திறந்துவிடும்போது மேலிருந்து வந்துகொண்டும் இருக்க வேண்டும். கீழ்பவானியின் 2.07 லட்சம் ஏக்கரும் ஒரே நேரத்தில் நெல் போட முடியாது என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு வருஷம் ஒற்றைப்படை மதகுகளுக்கு நெல், அடுத்த வருஷம் இரட்டைப்படை மதகுகளுக்கு என்று பாதிப் பாதியாக, 1,03,500 ஏக்கராக, பிரித்து வைத்தார்கள். இந்த முறையைக் குறை சொல்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு இந்தப் படுகையில் இருக்கும் உருப்படியான நீடித்த ஏற்பாடு இதுதான்: பற்றாக்குறையை மறைக்காமல், மதகு எண்ணிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் உபரிநீர் என்று ஒன்று கிடையாதா?

உண்டு. ஆனால் அது அளவைவிட நாள்களைப் பொறுத்த விஷயம். அத்திக்கடவு – அவிநாசி திட்டம் நல்ல உதாரணம். பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, காவிரிக்குப் போகும் உபரியை விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் இறைத்து, 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புவது. கணக்குப் போட்டால் சரியாக 1.5 டி.எம்.சி. வருகிறது.

கேட்க வேண்டியது ஒன்றே: ஆற்றில் பழைய ஆயக்கட்டுக்கும் போக மிச்சமாக அந்த 250 கன அடி, ஒரு வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? நல்ல வருஷத்தில் 70 நாள் தாராளமாகக் கிடைக்கும். வறண்ட வருஷத்தில், அந்தக் குளங்களுக்கு மிக அவசியமாகத் தேவைப்படும்போது, ஆற்றிலும் இருக்காது. திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவிநாசி, அன்னூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டுப் பார்த்தவர்களிடம் போய் அப்படிச் சொல்லவும் முடியாது. எடுக்கும் இடம் பவானியின் எல்லா உரிமைதாரர்களுக்கும் கீழே இருப்பது இதில் நல்ல அம்சம். மேலே எடுத்திருந்தால் கதை வேறு.

பேப்பரில் "120 அடி உயர அணை, சேறு சகதி 15 அடி போக 105 அடி" என்று போடுகிறார்களே. அடியில் 15 அடிக்குச் சேறு இருக்கிறதா?

எனக்குப் பிடித்த கேள்வி. அந்த 15 அடி யாரும் கோல் விட்டு அளந்த சேறு கிடையாது. கட்டும்போதே வண்டலுக்கென்று ஒதுக்கிக் கணக்கிலிருந்து கழித்த பகுதி. வருஷா வருஷம் ஒரே 15ஐ எழுதிக்கொண்டிருப்பதிலிருந்தே தெரியவில்லையா, சேறு வளரும், இந்த எண் வளரவே இல்லை.

நிஜத்தில் வண்டல் அணையின் அடியில் மட்டும் பாய் விரித்ததுபோல் படியாது. வெள்ளம் தேக்கத்துக்குள் நுழையும் இடத்தில் வேகம் செத்து, கனமான மணலும் சரளையும் அங்கேயே விழுந்துவிடும். மெல்லிய களிதான் மதகு வரை வரும். அதாவது, ஒதுக்கி வைத்த அடிப்பகுதி நிரம்பும் முன்பே, நாம் பயன்படுத்தும் மேல்பகுதியை வண்டல் தின்னத் தொடங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் படகில் ஒலி அளவைக் கருவியைக் கட்டிக்கொண்டு தேக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் போய் ஆழம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த புதிய கொள்ளளவு அட்டவணை இல்லாமல் "இன்று 80 அடி, இவ்வளவு டி.எம்.சி." என்று சொல்வது பழைய பாத்திரத்தின் அளவில் புதிய பாலை அளப்பது.

உலக அளவில் நீர்த்தேக்கங்கள் ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை கொள்ளளவை இழப்பதாக ஒரு பொதுவான மதிப்பீடு உண்டு. அதை அப்படியே பவானிசாகர் மேல் ஏற்றிவிடக் கூடாது. பவானிக் கிளையில் வரும் வண்டலில் பெரும்பங்கைக் குந்தா வரிசையும் பில்லூரும் மேலேயே பிடித்துக்கொள்கின்றன. பில்லூர் சின்னத் தேக்கம். வண்டல் சேர்ந்து கொள்ளளவு சுருங்குவது, அங்கிருந்து கோவைக்குக் குடிநீர் எடுப்பவர்களுக்குப் பழைய தலைவலி. பவானிசாகரின் ஆயுளை பில்லூர் தன் ஆயுளைக் கொடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று தேறும், ஒன்று தோற்கும். படுகையாகப் பார்த்தால்தான் ஒரே வண்டல் இடம் மாறி உட்கார்ந்திருப்பது தெரியும்.

தூர்வாரினால் முடிந்ததே?

நம் ஊர் அளவிலேயே போட்டுப் பார்ப்போம். மண், மணல் எல்லாம் யூனிட்டில் பேசுகிறோம். ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது ஒரு கோடி யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பர் லாரியில் அள்ளினால் 33 லட்சம் லோடு. தினம் 500 லோடு, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அள்ளினாலும் பதினெட்டு வருஷம். ஒரு டி.எம்.சி.க்கு! அதுவும் தேக்கம் வற்றியிருக்கும் மாதங்களில்தான் லாரி உள்ளே இறங்க முடியும்.

ஏரி, குளத்தில் விவசாயிகள் வண்டல் எடுத்து வயலில் போடுவது நல்ல வழக்கம், நடக்கட்டும். பெரிய அணைக்கு அது மருந்து இல்லை. மேலேயே மண் கரையாமல் தடுப்பதுதான் மலிவு.

மேலே என்றால் நீலகிரி. அங்கே என்ன பிரச்சினை?

ஒரு காலத்தில் அங்கே மலை உச்சியெல்லாம் புல்வெளி, பள்ளத்தில் சோலைக்காடு. மழையைப் பிடித்து வைத்து மார்கழி, தை வரை கசியவிடும் அமைப்பு அது. பிரிட்டிஷ் காலம் தொட்டு அதில் பெரும்பகுதி தேயிலையாகவும், சீகை, தைல மரத் தோப்புகளாகவும், உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களாகவும் மாறியது. செங்குத்தான சரிவில் உருளைக்கிழங்குக்கு மண்ணைக் கிளறிப்போட்ட வாரத்தில் கனமழை பெய்தால் மண் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஆனி மாதம் மஞ்சூர் போகும் வழியில் ஓடைப் பாலத்தில் நின்றேன். இடது பக்கச் சரிவு தேயிலை, அதிலிருந்து வந்த தண்ணீர் லேசான கலங்கல். வலது பக்கம் புதிதாகக் கொத்திய தோட்டம், அதிலிருந்து வந்தது டீ நிறத்தில், பாலில்லாத கெட்டி டீ. பாலத்துக்குக் கீழே இரண்டும் பத்தடி தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. படுகை ஆய்வு என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

படிவெட்டு, சம உயர வரப்பு, ஓடைத் தடுப்பணை எல்லாம் பல பத்தாண்டுகளாக அங்கே செய்கிறார்கள். ஊட்டியில் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஆனால் படிவெட்டும் செலவு மலை விவசாயியுடையது, பலன் ஈரோட்டு விவசாயியுடையது. அந்தச் செலவைக் கீழே இருப்பவர் பகிர வழி இல்லாதவரை, மேலே மண் கரைவது நிற்காது.

வாய்க்காலில் கசிந்து போவது வீண்தானே? கான்கிரீட் போட்டால் மிச்சமாகாதா?

ஈரோடு மாவட்டத்தில் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. கீழ்பவானி 200 கி.மீ. நீளமுள்ள மண் வாய்க்கால். சுமார் 710 கோடி ரூபாயில் சீரமைப்பு, அதில் கான்கிரீட் என்று வந்தபோது விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர், "எனக்குத் தண்ணீர் வந்து சேரவே இல்லை, போடுங்கள்" என்றார். வாய்க்காலின் கீழ்ப்புறம் கிணறு வைத்திருப்பவர், "கசிவு நின்றால் என் கிணறு செத்தது, தொடாதீர்கள்" என்றார். இருவர் சொன்னதும் உண்மை.

கசியும் தண்ணீர் மறைந்து போவதில்லை. கிணற்றில் ஏறுகிறது, பள்ளத்தில் ஓடுகிறது, கசிவுநீரை நம்பியே பாசனம் செய்யும் நிலங்கள் இருக்கின்றன, மிச்சம் ஆற்றுக்கே திரும்புகிறது. எழுபது வருஷத்தில் அதைச் சுற்றி ஒரு முழு விவசாயம் வளர்ந்துவிட்டது. கான்கிரீட் போடுவதால் சேமிப்பது தண்ணீரை இல்லை. தண்ணீர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. மாற்றக் கூடாது என்பதில்லை. மாற்றுகிறோம் என்று முதலில் ஒப்புக்கொண்டு, இழப்பவர் யார் என்று பட்டியல் எடுத்துவிட்டுப் பேச வேண்டும். கடைமடை வறட்சிக்குக் கசிவு மட்டும் காரணமா, நடுவில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது எவ்வளவு என்பதையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை எழுதினால் இரண்டு பக்கமும் திட்டு விழும் என்று தெரியும்.

ஆற்றுக்கென்று தனியாகத் தண்ணீர் விட வேண்டுமா?

காவிரி நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது. மொத்தப் படுகைக்கும் அவ்வளவுதான். ஆனால் வருஷ மொத்தத்தைவிட முக்கியமானது எப்போது, எப்படி விடுகிறோம் என்பது. மின்சாரத் தேக்கம் தேவை ஏறும் மணிநேரத்தில் திறக்கும், இறங்கினால் மூடும். மேட்டுப்பாளையம் பக்கம் ஆற்றில் குளிக்க இறங்குகிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு ஆபத்து என்று ஊரே அறியும். மீனுக்கும் அதே கதிதான். முட்டையிட்ட ஆழமற்ற இடம் சாயங்காலம் காய்ந்து கிடக்கும். மாயாற்றில் வாழும் திமில் மஷீர், காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன், அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக 2018இல் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அணை கட்டியபோது மூழ்கியவற்றை இன்றைய மதிப்பீட்டில் எப்படிச் சேர்ப்பது?

பவானிசாகரை 1948இல் தொடங்கி 1955இல் முடித்தார்கள். அன்று சமூகத் தாக்க ஆய்வு என்ற பேச்சே கிடையாது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருஷங்களில் டணாய்க்கன் கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயில் தேக்கத்துக்குள்ளிருந்து தலை காட்டும்; பரிசலில் போய்ப் பார்த்து வருவார்கள். அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்வி எந்தக் கொள்ளளவு அட்டவணையிலும் வராது. புதிதாக ஒரு தேக்கம் என்று யோசிக்கும்போது, பழைய தேக்கத்துக்கு வீடு கொடுத்தவர்களிடம் போய்க் கேட்பதுதான் முதல் கள ஆய்வாக இருக்க வேண்டும்.

பருவநிலை மாற்றம் எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. பவானிசாகரில் அக்டோபர் முடியும் வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை, நவம்பரில்தான் 105 வரை விடுவார்கள். பருவமழை வெள்ளத்துக்கு இடம் விட்டு வைப்பதற்காக. மழை இப்படித் தாறுமாறாக வந்தால் அந்த இடம் போதுமா, அல்லது இடம் விட்டுவிட்டு மழை வராமல் ஏமாறுவோமா? இரண்டு பக்கமும் அபாயம். பழைய மழைப் பதிவை மட்டும் வைத்து வகுத்த இந்த அட்டவணையை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

குந்தாவில் வரும் பம்ப்டு ஸ்டோரேஜ் திட்டம் தண்ணீரைக் குடிக்காதே, அதற்கும் மதிப்பீடு தேவையா?

500 மெகாவாட் திட்டம். போர்த்திமந்து மேல் தேக்கம், அவலாஞ்சி – எமரால்டு கீழ்த் தேக்கம். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. இருக்கும் தேக்கங்களுக்கு இடையே அதே தண்ணீர் மேலும் கீழும் போகும். புதிதாக ஊர் மூழ்காது, அந்த வகையில் நல்லது. ஆனால் சுழற்சிக்கென்று எப்போதும் ஓரளவு தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டுமல்லவா? வறண்ட கோடையில் அந்த அளவைக் கீழே விடச் சொல்லி யார் உத்தரவிடலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேரளம் அட்டப்பாடியில் அணை கட்டினால்?

நடுவர் மன்றத் தீர்ப்பில் கேரளத்துக்குக் கிடைத்த 30 டி.எம்.சி.யில் பவானிப் படுகைக்கு 6. அதற்குள் அவர்கள் பயன்படுத்த உரிமை உண்டு. அந்தத் தண்ணீர் இன்றுவரை ஓடி வந்து பவானிசாகரில் சேர்கிறது என்பதற்காக அதை நம் நிரந்தர வரவு என்று எழுதிக்கொள்வதுதான் தப்பு. நேர்மையான மதிப்பீடு அந்த 6 டி.எம்.சி.யைக் கழித்துவிட்டே தொடங்கும்.

விவசாயியாக நான் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறேன். என்ன கேட்கலாம்?

கடைசியாக ஆழம் அளந்த வருஷம் எது என்று கேளுங்கள். எத்தனை சதவீத நம்பகத்தில் தண்ணீர் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். இப்போது இந்தத் தண்ணீரை யார் பயன்படுத்துகிறார்கள், மதகு எண்ணோடு சொல்லுங்கள் என்று கேளுங்கள். மேடையில் இருப்பவர் மூன்றாவது கேள்விக்குக் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தால், உட்காராமல் நின்றுகொண்டே இருங்கள்.